ஒன்பது பேர் சொன்ன பெயர்

1

"நாங்க சொல்றதை அப்படியே எழுதுவியா பாப்பா? இல்ல, உம் பள்ளிக்கூடப் பேச்சா மாத்திப்புடுவியா?"

பாப்பிரெட்டிப்பட்டிக் கள்ளுக்கடையில், புதிதாகப் போட்ட பெஞ்சின்மேல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு வண்டிக்காரர் பச்சையப்பன் என்னை இப்படிக் கேட்டார். அப்போது எனக்குப் பதினேழு வயது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். எட்டாம் வகுப்பும் தேறியிருந்தேன். என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் அச்சுப் போல இருக்கிறது என்பார்கள். அப்படிப்பட்டவளை ஒரு வண்டிக்காரர் சந்தேகப்படுவதா என்று எனக்குச் சுருக்கென்றது.

"அப்படியேதான் எழுதுவேன் மாமா. வேணும்னா படிச்சுக் காட்டறேன்" என்றேன்.

அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஐந்து வருஷம் கழித்து, கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நானும் டீச்சர், என் கணவரும் வாத்தியார். விடிவதற்கு முன்பே தப்பு மேளம் அடித்து ஆட்களை எழுப்புவார்கள். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூட மணி. மழை மாதங்களில் சிலேட்டு ஈரமாகி எழுத்துப் பிடிக்காது. பிள்ளைகள் சிலேட்டைச் சட்டைக்குள் வைத்து வயிற்றுச் சூட்டில் காயவைத்த பிறகுதான் 'அ' போடுவோம்.

பாடம் நடத்தும்போது என் வாயில் எப்போதாவது 'வூடு' என்று வந்துவிடும். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "வீடு, டீச்சர்!" என்று என்னைத் திருத்தும். வீட்டுக்கு வந்தால் இரண்டு வயது மகள் "வத்துர" என்று கையை நீட்டுவாள். பக்கத்துச் சிங்களக் குடும்பத்தில் கற்றுக்கொண்டது. தண்ணீருக்கு அதுதான் பெயர் என்று முடிவு செய்துவிட்டாள். "தண்ணி சொல்லு" என்றால், டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவாள்.

தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் இருக்கும் கள்ளுக்கடையைத் தவறணை என்கிறார்கள். போன மாதம் அதைப் புதுப்பித்தார்கள். கூரைக்குப் புதுத் தகரம், தரைக்குச் சிமெண்டு, கதவுக்குப் பச்சைச் சாயம். எங்கள் வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று சொன்னான்: "டீச்சர், எங்கப்பா சொல்றாரு, கள்ளு பழைய கள்ளுதானாம். கதவு மட்டும்தான் பச்சையாம்." எல்லாரும் சிரித்தார்கள். நான் "உட்கார்" என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாகவே கடுமையாக இருந்தது.

அந்த வாரம் செல்லாயி வந்தாள். தவறணைத் தாழ்வாரத்தில் கொண்டைக்கடலையும் பொரித்த கருவாடும் விற்கிறவள். புதுச் சாயத்தில் புகை படிகிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார் என்று தவறணைக்காரர் சொல்லிவிட்டாராம். தோட்டத்து ஆபீசில் முறையிட்டிருக்கிறாள். குடிக்க வருகிறவர்கள் கடையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் என்ன நினைக்கிறார்கள் என்று எழுத்தில் கொண்டு வா, பார்க்கலாம் என்று கிளாக்கர் சொல்லியிருக்கிறார்.

"நான் சொன்னா யாரு நம்புவா டீச்சரம்மா? நீங்க எழுதினா நம்புவாங்க. அவனுங்க சொல்றதை ஒரு பேப்பர்ல போட்டுக் குடுத்தாப் போதும்."

"தவறணை விஷயமெல்லாம் டீச்சர் எழுதக் கூடாது செல்லாயி."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் சரிதான்" என்றாள். மடியிலிருந்து ஒரு பொட்டலம் கடலையை எடுத்து என் மகள் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்த கடலை. குழந்தை காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றது. எனக்கும் ஒன்றை ஊட்ட வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

3

என் அம்மா பெயர் முனியம்மாள். கள்ளுக்கடையில் சாக்கணா விற்றவள். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டங்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். என் சிலேட்டு, பாவாடை, புத்தகம் எல்லாம் அம்மாவின் சட்டியிலிருந்து வந்தவை.

மதுவிலக்கு வந்தபோது எங்கள் சேலம் ஜில்லாவில்தான் முதலில் கடைகளை மூடினார்கள். அம்மா சில வருஷம் புளி தட்டப் போனாள். யுத்த காலத்தில் மறுபடி கடைகளைத் திறந்தார்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த கெம்பண்ணா என்பவர் எங்கள் ஊர்க் கடையை ஏலத்தில் எடுத்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், எழுத வராது. பழைய ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஓடு வேய்ந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பெஞ்சு போட்டார். கொல்லையில் ஓரமாக அம்மா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள்.

கடையை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று யாரோ தர்மபுரிக்கு மனுப் போட்டார்கள். கடை ஒழுங்காக நடக்கிறதா, கள்ளும் சாப்பாடும் எப்படி என்று வாடிக்கைக்காரர்களிடம் எழுதி வாங்கி அனுப்பு என்று கலால் இன்ஸ்பெக்டர் கெம்பண்ணாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

"முனியக்கா பொண்ணு எட்டாவது பாஸு. நாம எதுக்கு ஊர் ஊரா ஆள் தேடணும்?" என்றார் கெம்பண்ணா.

ஒரு சந்தை நாள் பிற்பகலில் போனேன். அதுவரை அந்தக் கடைக்குள் நான் காலை வைத்ததில்லை. அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் ரோட்டிலேயே நின்று கூப்பிடுவேன். அன்று அம்மா ஓடிவந்து முந்தானையால் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரவைத்தாள். அப்போதுதான் பச்சையப்பன் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பென்சிலைக் கூர்சீவிக்கொண்டேன். அவர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

"பழைய கொட்டாயில கள்ளோட மழைத்தண்ணியும் சேர்த்துக் குடிக்கணும். இப்ப கெம்பண்ணா ஊத்தற தண்ணி மட்டும்தான்."

"ஏய், அதை எழுதாத பாப்பா!" என்று கெம்பண்ணா பானைக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

"எழுதிக்கோ. ஆனா நல்ல தண்ணின்னு எழுதிக்கோ."

"சுவத்துல சுண்ணாம்பு அடிச்சதுதான் தப்பு. சாஞ்சு உக்காந்தா முதுகெல்லாம் வெள்ளை. வூட்டுக்குப் போனா எங்க போனேன்னு எம் பொண்டாட்டி கேக்கறதே இல்ல. திரும்பி நில்லுங்கறா."

"பெஞ்சு எதுக்கு? தரையில உக்காந்தா கால் மரத்துப் போயி எந்திரிச்சிருவோம். இதுல உக்காந்தவன் எந்திரிக்கவே மாட்டேங்கறான்."

சித்தேரி மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவந்திருந்த ஒருவர், எல்லாரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னார்: "மலையை விட்டு எறங்கறது சந்தைக்குன்னுதான் வூட்ல சொல்றது. நெசமா முனியக்கா மொச்சைக்குத்தான். அந்த மொச்சை இல்லன்னா கள்ளு வெறும் புளிச்ச தண்ணி."

அதற்குப் பிறகு பேச்சு அம்மாவின் சட்டிக்குள் விழுந்துவிட்டது. குடல் வறுவல், கருவாடு, மொச்சை. முனியக்கா கை, முனியக்கா காரம். அரைக் கலயம் குடித்துவிட்டு அவளிடம் வம்பு பேசினவனைக் கரண்டியாலேயே வெளியே அனுப்பிய கதையை ஒருவர் சொன்னார். "இந்தக் கடையில சண்டை சச்சரவு இல்லன்னா அதுக்குக் காரணம் கெம்பண்ணா இல்ல, முனியக்கா. ஆப்பீசருக்கு அதை எழுது" என்றார் பச்சையப்பன். பதினைந்து பேர் சொன்னதை எழுதினேன். அவர்களில் ஒன்பது பேர் அம்மா பெயரைச் சொன்னார்கள்.

4

நல்ல காகிதத்தில் மையால் எழுதித் தருகிறேன் என்று பென்சில் குறிப்பை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அந்தச் சமயத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு நான் போட்ட விண்ணப்பமும் தர்மபுரியில் இருந்தது. அதில் தாயார் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதியிருந்தேன். எங்களுக்கு ஒரு முழம் நிலம்கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண்கள் "கருவாடு நாத்தம்" என்று தள்ளி உட்கார்ந்ததை மறக்காதவள் நான். அவர்களை விட நன்றாகப் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டினாலும் அந்த வாசனை என்மேல் இருப்பதாகவே நினைத்தேன். இப்போது கள்ளுக்கடைக் காகிதத்தில் முனியம்மாள், முனியம்மாள் என்று ஒன்பது இடத்தில், அதுவும் என் கையெழுத்திலேயே போகப்போகிறது. இரண்டு காகிதமும் ஒரே மேஜைக்கு வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே பயந்துகொண்டேன்.

முதல் முனியம்மாளை எழுதி, அடித்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன். 'இங்கு விற்கப்படும் உணவு சுத்தமாகவும் ருசியாகவும் இருக்கிறது' என்று எழுதினேன். ஒன்பது இடத்திலும் அதே வாக்கியம். ஒரு பிழை இல்லை.

கைநாட்டு வாங்கக் கடைக்குப் போனேன். பச்சையப்பன் கட்டை விரலை மையில் வைக்கும் முன், "படி பாப்பா, கேக்கலாம். படிச்சுக் காட்டறேன்னியே" என்றார்.

படிக்கத் தொடங்கினேன். ஓடு, பெஞ்சு, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். சாப்பாட்டைப் பற்றிய இடம் வந்தது. எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

காகிதத்தில் இல்லாததை நான் வாயால் படித்தேன். முனியக்கா மொச்சை. முனியக்கா குடல் வறுவல். முனியக்கா இருப்பதால் சண்டை இல்லை. ஒன்பது முறையும் பெயரைச் சொன்னேன். குடிக்க வந்தவர்கள் யாருக்கும் எழுத்துத் தெரியாது. எழுத்துக்கூட்டத் தெரிந்த கெம்பண்ணா காகிதத்தைப் பார்க்காமல் கலயம் கழுவிக்கொண்டே தலையாட்டினார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதினைந்து பேரும் வரிசையாக வந்து கட்டை விரலை வைத்தார்கள். கெம்பண்ணா காகிதத்தை மடித்துத் தர்மபுரிக்கு அனுப்பிவிட்டார்.

5

ஒரு மாதம் கழித்து இன்ஸ்பெக்டரே வந்தார். கெட்டவர் அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, "யார் எழுதியது? நல்ல கையெழுத்து" என்றார். என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எல்லாரும் கேளுங்கள்" என்று உரக்கப் படித்தார்.

ஓடு வந்தது. பெஞ்சு வந்தது. சாப்பாடும் வந்தது. 'இங்கு விற்கப்படும் உணவு சுத்தமாகவும் ருசியாகவும்.' மலைக்காரர் தன் மொச்சைக்காகக் காத்திருந்தார், அது வரவில்லை. மறுபடியும் 'இங்கு விற்கப்படும் உணவு'. மூன்றாம் முறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பச்சையப்பன் தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்து முடித்த இன்ஸ்பெக்டர் கொல்லைப் பக்கம் பார்த்தார். "அடுப்பு வைத்திருக்கும் அந்த அம்மா யார்?"

"சாக்கணா விக்கறவங்க சாமி" என்றார் கெம்பண்ணா.

"இதில் அப்படி ஒரு ஆளே இல்லையே? சாப்பாடு கடையோடது என்றல்லவா இருக்கிறது? புகார் வந்த கடை இது. பெயரில்லாத ஆள் உள்ளே இருந்தால் நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். கடை எல்லைக்கு வெளியே போகச் சொல்லு."

கெம்பண்ணா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ படிச்சப்ப இருந்துச்சே?"

நான் தரையைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்ஸ்பெக்டரிடம் பேனா இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தானுங்க வேணாம்னு சொன்னேன். பொம்பளை பேரு எதுக்குங்க ஆப்பீசு காயிதத்துல? பாப்பா எழுதறேன்னுதான் சொல்லுச்சு. நான்தான் விடல."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அன்றே அடுப்புக் கல் மூன்றும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயின. அங்கே நிழல் கிடையாது. வெயிலில் புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு விற்றாள். உட்கார்ந்து குடிக்கிறவன் மொச்சைக்காக எத்தனை முறை ரோட்டைத் தாண்டுவான்? ஒரு சட்டி அரைச் சட்டியானது. வீட்டில் ஒருநாள் நான் "அம்மா, அந்தக் காயிதம்…" என்று ஆரம்பித்தேன். "கொழம்பு ஆறுது, சாப்பிடு" என்றாள். அதற்குப் பிறகு நானும் ஆரம்பிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் எனக்கு முன்னால் ஊரெல்லாம் சொன்னவள் அவள்தான். பச்சையப்பன்தான் தம் வண்டியில் என் டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் மாட்டோடு பேசினார்.

6

அப்புறமும் அம்மா தொழில் என்று நான் எழுதியது விவசாயம்தான். பயிற்சி முடிந்து, இலங்கைத் தோட்டத்தில் வாத்தியாராக இருந்தவரோடு நடந்த கல்யாணத்தின்போது அதையே சொன்னேன். கப்பலேறும் முன் மண்டபம் முகாமில், ஊரில் யார், என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டவரிடமும் அதையே சொன்னேன். தோட்டத்து ஆபீஸ் பாரத்திலும் அதுதான். திரும்பத் திரும்ப எழுதினால் ஒரு காணி நிலமாவது முளைத்துவிடும் என்பது போல.

செல்லாயி வந்துபோன அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார்.

"மூணு வருஷமா 'மழை எப்படி, கேழ்வரகு எப்படி'ன்னு உங்கம்மாவுக்குக் கடுதாசியில நான் விசாரிச்சிட்டிருக்கேனே. அவங்க என்ன நினைச்சிருப்பாங்க?"

"நீங்க ஏதாவது நினைச்சுக்குவீங்களோன்னு…"

"நீ என்னைப் பத்தி அப்படி நினைச்சதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "செல்லாயிக்கு என்ன பதில் சொன்னே?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நோட்டை எடுத்துக்கொண்டு தவறணைக்குப் போனேன். எனக்காக ஒருவர் பச்சைக் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். பிறகு ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரை குளிரில் காலைக் கடிக்கிறது என்றார். தகரத்தில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது, அது ஒருவகையில் நல்லதுதான் என்றார் இன்னொருவர். "செல்லாயி கடலை நல்லாருக்கும். அவ வாய்தான் நல்லாருக்காது. ரெண்டையும் எழுதுங்க டீச்சர்" என்றார் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லாயி, "எழுதுங்கம்மா, அவரு கடன் சொல்றதையும் சேர்த்து எழுதுங்க!" என்றாள். எல்லாவற்றையும் எழுதினேன், செல்லாயி என்ற பெயர் வந்த ஒவ்வொரு இடத்திலும் செல்லாயி என்றே. இந்த முறை நான் படித்துக் காட்டவில்லை. கங்காணிக்குப் படிக்கத் தெரியும். நோட்டை அவர் கையில் கொடுத்து அவரையே படிக்கச் சொன்னேன். திங்கட்கிழமை கிளாக்கர் வாங்கிவைத்துக்கொண்டார். தோட்டத்துத் துரை என்ன சொல்வார் என்று தெரியவில்லை. செல்லாயி இன்னும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஊரில் கள்ளுக்கடை மறுபடி மூடியாகிவிட்டது. ஓடு வேய்ந்த அதே கட்டடம் இப்போது கெம்பண்ணாவின் புளி மண்டி. அம்மா அங்கே புளியில் கொட்டை எடுக்கிறாள். அன்று இடமில்லை என்று அனுப்பிய கூரைக்குக் கீழே இப்போது நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். பச்சையப்பன் அந்த மண்டிக்குத்தான் வண்டி ஓட்டுகிறார். என் கடிதங்களைக் கெம்பண்ணா எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவார். தனியாகப் படிக்கக் கூடாது, வேலை செய்யும் எல்லாரும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. மகள் எழுத்து என்று அவளுக்கு அத்தனை பெருமை. எல்லாரும் கேட்பார்கள் என்பதாலேயே குழந்தைக்குப் பல் முளைத்தது, இங்கே குளிர் அதிகம் என்பதற்கு மேல் நான் எதையும் எழுதியதில்லை.

இந்த முறை நீளமாக எழுதினேன். ஒன்பது பேர் சொன்னதையும், அவர்கள் சொன்ன பேச்சிலேயே, நினைவிருக்கும் மட்டும் எழுதினேன். மலைக்காரரின் மொச்சையை முதலில் வைத்தேன். பெயர் வரும் இடத்திலெல்லாம் கெம்பண்ணா தடுமாறாமல் படிக்க வேண்டும் என்று முனியக்கா என்பதைப் பெரிய எழுத்தில் போட்டேன். கடைசியில் இப்படி முடித்தேன்: 'அம்மா, அன்று நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் பெயரை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதாமலேயே எழுதியது போலப் படித்தேன். பச்சையப்பன் மாமா பக்கத்தில் இருந்தால் அவரும் இதைக் கேட்கட்டும்.'

நேற்றுக் காலை, மணி அடிப்பதற்கு முன், அதைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.